மூவாயிரத்து இருநூற்று நாற்பது

மாதத்தில் பதினெட்டு நாள்
என்னிடம் வேறு யாருடையதோ சாவி.
விருந்தினர் அறை, இரும்புக் கட்டில்,
முன்பு தங்கியவள் கண்ணாடியில்
ஒட்டிவிட்டுப் போன பொட்டு.

இந்தத் திங்கள் கீழக்கரை.
ராமநாதபுரத்தில் ஏறும்போதே
சார்ட் பேப்பர் சுருளைப் பார்த்து
கண்டக்டர் கேட்டார், "மேப்பா?"
"தலைமைப் பண்பு" என்றேன்.
அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

பெண்கள் கல்லூரிகளில்
விடுதிப் பேரவை எங்கெல்லாம் உண்டோ
அங்கெல்லாம் சங்கம் என்னை அனுப்பும்.
தலைவி, செயலாளர், பொருளாளர்,
மாடிக்கு ஒரு பிரதிநிதி.
வட்டமாய் உட்கார வைத்து
நூல்கண்டை வீசச் சொல்வேன்.
பிடித்தவள் தன் பலம் ஒன்றைச் சொல்லி
அடுத்தவளுக்கு எறிய வேண்டும்.
கடைசியில் நடுவே ஒரு வலை.
"பார்த்தீர்களா, எல்லோரும் இணைந்திருக்கிறோம்."

பொருளாளர் டெல்சியா, மூக்கையூர்க்காரி,
குனிந்து பார்த்தாள்.
"கண்ணி பெரிசு மேம்.
இதுல நெத்திலி நிக்காது."

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம்.
அவளுக்கு நான் மூன்று வயதுதான் மூப்பு.
மேம்.

செவ்வாய், நேர மேலாண்மை.
தேநீரில்கூட லேசாகக் கடல்.

புதன் இரவு கணக்கு நோட்டு.
விடுதி நாள் செலவு, பச்சை மையில்:
பந்தல், பூ, நடுவருக்குச் சால்வை,
நூற்றெண்பது பிளேட் பிரியாணி,
ஒலிபெருக்கி வாடகை 3,240.
ரசீது இல்லை.

விடுதி நாள் படங்களை
முதல் நாளே காட்டியிருந்தார்கள்.
தலைவி ரிஃபாயா பேசுகிறாள் அதில்,
இரு கையையும் வாய்க்குக் குவித்து,
கழுத்து நரம்பு புடைக்க.

"டெல்சியா?"
அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.
ரிஃபாயாதான் சொன்னாள்.
"தடைக்காலம் மேம் அப்ப.
போட்டெல்லாம் கரையில.
பரீட்சை ஃபீஸுக்கு மறுநாள் கடைசி.
ஒருத்திக்கு."

"யாருக்கு?"

ஒன்பது பேரும் ஒரே நேரத்தில்
வாயை மூடிக்கொண்டார்கள்.
மூன்று நாளாய் நூல்கண்டு வீசியும்
வாராத ஒற்றுமை.

"திருப்பித் தருவாளா?"
"ஐநூறு தந்துட்டா."
நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால்
ஐநூறு. தேதி. பெயரில்லை.

மணி பதினொன்று.
மடிக்கணினியில் சங்கத்தின் படிவம் திறந்திருக்கிறது.
நிதி ஒழுங்கு: திருப்தி, திருப்தியில்லை.
ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் வராது.

நான் தலைவியாய் இருந்த வருஷம்
நானூறு ரூபாய்க்காக
ஒருத்தியை எழுதிக் கொடுத்தேன்.
குமுதவல்லி. இரண்டாம் மாடி, ஜன்னலோரம்.
அடுத்த செமஸ்டர் அந்தக் கட்டிலில்
வேறொருத்தியின் போர்வை.
எனக்கு ஒரு கோப்பை தந்தார்கள்.
இந்த வேலைக்கான நேர்காணலில்
முதலில் அந்தக் கோப்பையைப் பற்றித்தான் கேட்டார்கள்.
நன்றாகவே பேசினேன்.

திருப்தி.
நூறு சொற்களில் விளக்கவும் என்றது படிவம்.
தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதை எழுதினேன்,
வாளிகளில் பெயின்டால் அறை எண் இருப்பதை,
பிரியாணி நன்றாயிருந்ததாகக் கேள்விப்பட்டதை.
தொண்ணூற்று மூன்று.
இன்னும் ஏழு சொல் வேண்டியிருந்தது.
மாணவியர் ஒருவரையொருவர் நன்கு அறிந்து செயல்படுகிறார்கள் இங்கே.

வியாழன் காலை சாயல்குடி பஸ்.
ஏர்வாடி விலக்கில் பாதிக் கூட்டம் இறங்கியது.
இருபுறமும் உடைமரம்,
பிறகு வாலிநோக்கம் பக்கம் உப்பு,
குவித்துக் கீற்றுப் போர்த்தி வைத்திருந்தார்கள்.
கண் கூசியது. ஜன்னலை மூடவில்லை.

புதுச் சாவி, புது வார்டன், அதே நூல்கண்டு.
அறுபது பேர், ஒரு புரொஜெக்டர்.
ஆறாவது ஸ்லைடு, குழுவாய் இயங்குதல்.
ஏழாவதில் ஒரு தராசுப் படம் வரும்,
அடியில் கொட்டை எழுத்தில் நேர்மை.
விரல் பொத்தானை இருமுறை அழுத்திவிட்டது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்:
"ஒண்ணு விட்டுட்டீங்க மேம்."